பென் டிரைவ் இல்லாமல் ஒரு லேப் முழுக்க டெபியன்

கோத்தகிரிப் பக்கம் ஒரு பள்ளியின் கம்ப்யூட்டர் லேப். இருபது சொச்சம் மெஷின்கள். பாதி, கோயம்புத்தூர் ஆபீஸ் ஒன்றில் கழித்துவிட்ட பழசு. மீதி கொஞ்சம் புதுசு. எல்லாவற்றிலும் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட வேண்டும். பழைய மெஷின்களின் யூஎஸ்பி போர்ட்டுகளை நம்ப முடியாது. அதனால் பென் டிரைவை ஓரம் கட்டிவிட்டு, நெட்வொர்க் வழியாகவே பூட் செய்து போட்டுவிடலாம் என்று இறங்கினேன்.

இதற்குப் பெயர் பிஎக்ஸ்இ. மெஷினை ஆன் செய்ததும் நெட்வொர்க் கார்டே டிஎச்சிபியில், அதாவது ஐபி முகவரி கேட்டு வாங்கும் முறையில், குரல் கொடுக்கும்: எனக்கு ஐபி என்ன, எந்த சர்வரில் எந்த ஃபைலை எடுக்க வேண்டும்? பதில் வந்தால் அந்த ஃபைலை டிஎஃப்டிபி என்ற எளிய ஃபைல் பரிமாற்ற முறையில் இறக்கி ஓட்டும். அது இயங்குதளத்தின் மையமான கெர்னலை இழுத்து வரும், இன்ஸ்டாலர் தொடங்கும். சர்வராக என் பழைய லேப்டாப்பே போதுமானதாக இருந்தது.

சிக்கல் சர்வரில் இல்லை, ரவுட்டரில். ஐபி கொடுப்பது அது. அதில் பூட் விவரத்தைச் சேர்க்க பாஸ்வேர்டு வேண்டும். அது இணைப்புக் கொடுத்தவரிடம் இருக்கிறது, அவரோ போனை எடுப்பதில்லை. தலைமையாசிரியரும் முதலிலேயே சொல்லிவிட்டார்: "தம்பி, அந்த டப்பாவுல மட்டும் கை வெச்சுடாதீங்க. ஆபீஸ்ல நெட் போச்சுன்னா எமிஸ்ல ஒண்ணும் ஏத்த முடியாது."

(எமிஸ், பள்ளி விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்.) "தொடவே மாட்டேன் சார்" என்றேன். அதே நெட்வொர்க்கில் இன்னொரு டிஎச்சிபி சர்வரை ஓடவிடவும் கூடாது. இரண்டும் போட்டி போட்டு ஐபி கொடுத்தால் ஆபீஸ் மெஷின்களும் சேர்ந்து குழம்பும். இந்த இடத்தில் கைகொடுத்தது டிஎன்எஸ்மாஸ்க் என்ற சிறிய சர்வர் மென்பொருளின் ப்ராக்ஸி முறை. ஐபி கொடுக்கும் வேலை ரவுட்டரிடமே இருக்கும். பூட் ஃபைல் எங்கே என்பதை மட்டும் நம் சர்வர் பக்கத்தில் நின்று சொல்லும். அதன் செட்டிங் ஃபைலில் டிஎச்சிபி ரேஞ்ச் வரியில் நெட்வொர்க் முகவரியைப் போட்டு 'ப்ராக்ஸி' என்று எழுதினால் போதும். ஃபயர்வால் இருந்தால் யுடிபி 67, 69, 4011 மூன்றையும் திறந்துவிட வேண்டும். 4011ஐப் பலர் விட்டுவிடுவார்கள்.

அடுத்தது, பழசும் புதுசும் கலந்திருப்பது. ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருள் பழையதில் பயாஸ், புதியதில் யூஇஎஃப்ஐ. கெர்னலை ஏற்றும் பூட் ஃபைலாக பயாஸ் மெஷினுக்கு பிஎக்ஸ்இலினக்ஸ் வேண்டும், யூஇஎஃப்ஐ மெஷினுக்கு க்ரப். கேட்கும்போதே மெஷின் தன் வகையை ஒரு எண்ணில் சொல்லும்: பயாஸ் என்றால் 0, 64 பிட் யூஇஎஃப்ஐ என்றால் பெரும்பாலும் 7. டிஎன்எஸ்மாஸ்க்கில் வகைக்கு ஒரு வரி எழுதிவிட்டால் அதுஅதற்கு உரியது போகும்.

திரையில் வரும் பிழை எண்ணைப் படித்தால் பாதி வேலை முடிந்தது. இ51 என்றால் டிஎச்சிபி பதிலே வரவில்லை. இ53 என்றால் ஐபி வந்தது, ஃபைல் பெயர் வரவில்லை. இ32 என்றால் டிஎஃப்டிபி பேசவில்லை. ஜன்னல் ஓர வரிசை முழுக்க இ61 காட்டியது. அது கேபிள் கோளாறு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அந்தச் சுவர் காய்வதே இல்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பின்களில் பச்சை பூத்திருந்தது. வெட்டிவிட்டுப் புதிதாக கிரிம்ப் செய்தோம். கனெக்டர் பாக்கெட்டுக்கு மட்டும் கீழே மேட்டுப்பாளையம் போகிற ஆளைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

இன்ஸ்டாலர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் ப்ரீசீட் ஃபைலில் முன்கூட்டியே பதில் எழுதிவிடலாம்: மொழி, நேரம், பயனர், டிஸ்க் பிரிப்பு. தமிழ் டெஸ்க்டாப்புக்கு டெபியனிலேயே ஒரு டாஸ்க் (சேர்த்து நிறுவும் பேக்கேஜ்களின் தொகுப்பு) இருக்கிறது, அதையும் சேர்த்தேன். டிஸ்க் பெயரில்தான் கவனம் வேண்டும். பழையதில் எஸ்டிஏ, புதியதில் என்விஎம்இ. பெயர் பொருந்தாவிட்டால் இன்ஸ்டாலர் நடுவழியில் நின்று, ஆளுக்காகக் காத்திருக்கும்.

மழை பெய்தால் இங்கே நெட் வேகத்தைச் சொல்லவே வேண்டாம். ஒவ்வொரு மெஷினும் அதே பேக்கேஜ்களை வெளியிலிருந்து இழுத்தால் விடிந்துவிடும். சர்வரில், இறக்கிய பேக்கேஜ்களைச் சேமித்துவைத்துத் தரும் ஆப்ட் கேஷரை ஏற்றி, ப்ரீசீடில் ப்ராக்ஸியாக அதன் 3142 போர்ட்டைக் கொடுத்தேன். முதல் மெஷின் இறக்கியதை மற்றவை லேபுக்குள்ளேயே எடுத்துக்கொண்டன. யூபிஎஸ் தாங்காது என்பதால் மொத்தமாக ஆன் செய்யாமல் வரிசை வரிசையாக விட்டோம்.

இதைச் செய்பவர்கள் பூட் மெனுவை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். தானாகத் தேர்வாவது 'லோக்கல் டிஸ்க்' ஆகத்தான் இருக்க வேண்டும். இன்ஸ்டாலை முதலில் வைத்து டைம்அவுட்டும் கொடுத்தால், என்றோ ஒருநாள் தெரியாமல் நெட்வொர்க்கில் பூட் ஆகும் மெஷின் தன்னைத்தானே அழித்துக்கொண்டு புதிதாக நிற்கும். ப்ரீசீட்தான் எல்லாக் கேள்விக்கும் 'சரி' சொல்லிவிடுமே. இன்ஸ்டால் வரிக்கு ஒரு பாஸ்வேர்டும் வைத்தேன், பிள்ளைகள் புழங்கும் இடம் பாருங்கள்.

சில மாதம் கழித்து இன்னொரு மெஷினுக்குப் போடும்போது, கெர்னல் மாட்யூல்கள் (கெர்னலின் துணை ஃபைல்கள்) கிடைக்கவில்லை என்று இன்ஸ்டாலர் நின்றது. டெபியனில் புதிய பாயிண்ட் ரிலீஸ் (இடையில் வரும் திருத்தப் பதிப்பு) வந்தால் கெர்னலும் மாறும். பழைய நெட்பூட் ஃபைல்களுக்குப் பொருத்தமான மாட்யூல்கள், பேக்கேஜ்கள் கிடைக்கும் சர்வரான மிரரில் இருக்காது. புது நெட்பூட் தொகுப்பை இறக்கி டிஎஃப்டிபி ஃபோல்டரில் விரித்ததும் ஓடிவிட்டது.