காவலூர்ல ஒரு ஜனவரி ராத்திரியும் யு ஜெமினோரமும்

ஆராய்ச்சி மாணவனா இருந்தப்போ ஜவ்வாது மலை காவலூர் வானாய்வகத்துல வேலை செஞ்ச ராத்திரிகள்ல ஒன்னு மட்டும் இன்னும் அப்படியே கண்ணுக்குள்ள நிக்குது. 1972ல வந்த ஒரு மீட்டர் ஜெய்ஸ் டெலஸ்கோப், ஜனவரி மாசம், மிதுன ராசியில இருக்குற யு ஜெமினோரம்ங்கற நட்சத்திரம். மழைக்காலம் முடிஞ்சு வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்குற மாசம் அது, நம்ம நட்சத்திரமும் அப்போ ராத்திரி முழுக்க மேலதான் இருக்கும்.

பாக்க ஒரே புள்ளிதான், ஆனா உள்ள ரெண்டு பேர். ஒன்னு வெண்குள்ளன், அதாவது எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரம், கிட்டத்தட்ட சூரியனோட எடைய பூமி சைஸ்ல அடக்கி வச்சது. இன்னொன்னு சின்ன செவப்பு நட்சத்திரம். ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் நம்ம சூரியனோட விட்டத்தை விடவே கம்மி, 4 மணி 15 நிமிஷத்துக்கு ஒரு சுத்து. இவ்ளோ நெருக்கத்துல செவப்பு நட்சத்திரத்தோட வாயு நேரா விழாம வெண்குள்ளனை சுத்தி ஒரு தட்டு மாதிரி சுழலுது, பின்னாடி வர்ற வாயு அந்தத் தட்டோட விளிம்புல மோதுற எடம் பளீர்னு சூடாயிடும்.

டெலஸ்கோப்போட கேமராவான சிசிடியைக் குளிர வைக்க திரவ நைட்ரஜன் ஊத்தி, அதோட சீரில்லாத எடங்களைச் சரிபண்ண ஃபிளாட்ங்கற படங்களை எடுத்து, எட்டரைக்கு ஆரம்பிச்சோம். முப்பது செகண்ட் எக்ஸ்போஷர், ஃப்ரேம் மேல ஃப்ரேம். கொஞ்ச நேரத்துலயே எனக்கு பயம் வந்துடுச்சு, ஏன்னா வெளிச்சம் ஒரு எடத்துல நிக்கல, ரெண்டு நிமிஷம் ஏறுது, மூணு நிமிஷம் எறங்குது, மெல்லிசா மேகம் போகுதோ, டெலஸ்கோப் நட்சத்திரத்தைப் பின்தொடர்ற கைடிங் தப்பாயிடுச்சோ, சிசிடிலயே கோளாறோன்னு ஒவ்வொன்னா தேட ஆரம்பிச்சேன். டெலஸ்கோப்பை ஓட்டுற அண்ணன் டோம் வாசல்ல நின்னு அண்ணாந்து பாத்துட்டு வந்து, "மேகம் ஒன்னும் இல்ல தம்பி, பக்கத்து ஸ்டாரையும் பாத்தியா?"ன்னாரு. பாத்தேன். அதே ஃப்ரேம்ல இருந்த, வெளிச்சம் மாறாத ஒப்பீட்டு நட்சத்திரம் கோடு போட்ட மாதிரி நேரா இருந்துச்சு. அப்போ நடுங்குறது நம்மாளுதான். வாயு விழுறது சீரா இல்லாம திப்பி திப்பியா விழுறதைத்தான் நான் கோளாறுன்னு நெனச்சு அரை மணி நேரம் தேடிட்டு இருந்திருக்கேன். முன்னூறு ஒளியாண்டு தள்ளி நடக்குறது என் ஸ்க்ரீன்ல துடிக்குதுன்னு புரிஞ்சப்போ ஒடம்பு சிலிர்த்துடுச்சு, உண்மையாவே.

1855ல ஆங்கிலேய வானியலாளர் ஹிண்ட் இதை கண்டுபிடிச்சதுக்கு காரணம் அது திடீர்னு பிரகாசமானதுதான். சராசரியா நூறு நாளுக்கு ஒருக்கா தட்டுல சேந்த வாயு சூடாகி வேகமா உள்ள சரியும், வெளிச்சம் நூறு மடங்கு ஏறிடும். அது எந்த நாள்னு முன்கூட்டி சொல்ல முடியாது, அதனாலதான் வீட்டு மாடியில சின்ன டெலஸ்கோப் வச்சுப் பாக்குற அமெச்சூர்கள் மேல எனக்கு அவ்ளோ மரியாதை. ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப் இந்த மாதிரி நட்சத்திரங்களைப் பாக்குறதுக்கு முன்னாடி அது வெடிச்ச நிலையில இல்லைன்னு உறுதி பண்ணிச் சொன்னவங்களே அவங்கதான், அந்த வெளிச்சத்துல கருவியே கெட்டுப் போகலாம்.

பதினொரு மணி வாக்குல, ஒவ்வொரு ஃப்ரேமோட வெளிச்சத்தையும் ஒரு புள்ளியா வச்சு வரைஞ்ச கர்வ் மெதுவா மேல ஏறிச்சு. அந்த சூடான எடம் நம்ம பக்கம் திரும்புது. அண்ணனும் ஸ்டூலை இழுத்துப் போட்டு பக்கத்துல ஒக்காந்துட்டாரு. செவப்பு நட்சத்திரம் குறுக்க வந்ததும் நாலஞ்சு ஃப்ரேமுக்குள்ள புள்ளிகள் சரசரன்னு கீழ போச்சு. இந்த கிரகணத்துல வெண்குள்ளன் மறையாது, அந்த சூடான எடமும் தட்டுல ஒரு பகுதியும்தான் மறையுது, அதனால அடி வரைக்கும் போகாம கொஞ்சம் நின்னு மறுபடி ஏறிச்சு.

"இன்னொரு வாட்டி வருமா தம்பி?"

"மூணரைக்கு வரும்ணே."

டீ போட்டுக் குடிச்சோம். மூணு இருபத்தஞ்சுக்கு புள்ளிகள் திரும்பவும் கீழ எறங்க ஆரம்பிச்சுது, அண்ணன் தன் வாட்ச்சைப் பாத்தாரு, அப்புறம் என்னைப் பாத்தாரு.