பத்தாம் வகுப்புக்குப் போவோம்

மூன்று வருஷமாக எங்கள் கல்லூரியிலிருந்து நாலைந்து ஆசிரியர்களும் கொஞ்சம் மாணவர்களுமாக, சனிக்கிழமைகளில் இரண்டு பள்ளிகளுக்குப் போய் பிளஸ் டூ பிள்ளைகளிடம் மேற்படிப்பு பற்றிப் பேசி வருகிறோம். இந்த வருஷம் இதைப் பெரிதாக்குவது என்று முடிவாகி, மீட்டிங்கில் பத்துப் பள்ளியா பதினைந்தா என்றே பேச்சு ஓடியது. நான் ஒருத்திதான், பள்ளிகளைக் கூட்ட வேண்டாம், கீழ் வகுப்புகளுக்கு இறங்குவோம், ஒன்பதுக்கும் பத்துக்கும் போவோம் என்றேன். பிளஸ் டூ முடிக்கிறவர்களுக்கு அரசே 2022 முதல் ‘கல்லூரிக் கனவு’ என்று மேற்படிப்பு வழிகாட்டி நிகழ்ச்சி நடத்துகிறது, அதையே நாமும் எதற்கு?

போன வருஷம் குலசேகரம் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர், நர்சிங் சேரணும் என்றாள். என்ன குரூப் என்று கேட்டால் காமர்ஸ். பி.எஸ்சி. நர்சிங்குக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி படித்திருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எப்படியோ சொன்னேன். கேட்டுவிட்டு, “பத்து படிக்கும்போ சொல்லியிருக்கலாம்லா டீச்சர்” என்றாள். அவ்வளவுதான். அழவெல்லாம் இல்லை.

இன்ஜினியரிங் கட்-ஆஃப் 200-ல் கணக்கு 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50. பயாலஜி மார்க் இதில் சேரவே சேராது. பொதுத்தேர்வு எழுதி முடித்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு முழித்த பயோ-மேத்ஸ் பையன்களும் உண்டு.

இன்னும் முன்னாடியே தீர்ந்துபோகிற சங்கதி ஒன்று இருக்கிறது. தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு வேண்டுமென்றால் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் அரசு உதவிபெறும் பள்ளிகள் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். “அதுவும் கவர்மெண்ட் பள்ளிதானே” என்று நினைத்துக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம், அது கணக்கில் வராது. கல்லூரி போகிற பெண் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் முதலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே இருந்தது, பிறகுதான் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்தவர்களையும் சேர்த்தார்கள். அப்படியென்றால் ஒரே பள்ளி, ஒரே மணி அடிக்கிறது, தமிழ் மீடியம் பிள்ளைக்குக் கிடைக்கிறது, இங்கிலீஷ் மீடியம் பிள்ளைக்கு இல்லை! இதைப் பிளஸ் டூவில் போய்ச் சொல்லி என்ன பிரயோஜனம்?

அப்புறம் பெற்றோர். சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று வருத்தப்பட்டோம். விடியுமுன் ரப்பர் தோட்டத்துக்குப் போனவர் அந்நேரம் பால் எடுத்துக்கொண்டிருப்பார், எப்படி வருவார்? கடற்கரையில், மீனவர்கள் இருக்கும் தூத்தூர் பக்கம் அதைவிட மோசம். “தந்தையுடன் வரவும்” என்று நோட்டீஸ் அடித்தது நாங்கள்தான், தந்தைமார் பாதிப்பேர் தங்கல் மீன்பிடிக்குப் போய் வாரக்கணக்கில் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே வீட்டையும் வங்கியையும் பள்ளிக்கூடத்தையும் பார்த்துக்கொள்வது அம்மாமார். இனி அம்மாமாருக்குத்தான் நோட்டீஸ், அதுவும் சாயங்காலம்.

ஒருவழியாக, பழைய இரண்டு பள்ளியிலேயே ஒன்பதும் பத்தும் ஜூனில் ஆரம்பிக்க அனுமதி கிடைத்திருக்கிறது. மலைப்பக்கமும் கடற்கரையிலும் ஊர் உள்ள எங்கள் மாணவர்கள் யார் யார் வருகிறீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள். பைக் இருந்தால் இன்னும் நல்லது, கூட்டம் முடியும்போது இருட்டிவிடும்.