த்ரீ நாட் த்ரீ என் வீட்டுக்கு வந்த வழி

மதுரையில் கல்லூரி என்.சி.சி.யில் இருந்தபோது பாயின்ட் டூ டூ ரைஃபிளில் சுட்டிருக்கிறேன். அதன் அண்ணனான த்ரீ நாட் த்ரீயைக் காவல் நிலைய வாசலில் நின்ற போலீஸ்காரர் தோளில் பார்த்ததோடு சரி. லீ என்ஃபீல்டு என்ற அந்தப் பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிள் மீது வந்த ஆசை, இங்கிலாந்தில் குடியேறிய பிறகும் விடவில்லை.

இங்கே இலக்கைச் சுட்டுப் பழக ரைஃபிள் வாங்க முதலில் கடைக்குப் போகக் கூடாது, கிளப்புக்குப் போக வேண்டும். உள்துறை அங்கீகாரம் பெற்ற கிளப்பில் குறைந்தது 3 மாதம் பயிற்சி உறுப்பினராக இருந்து, அவர்களுடைய ரைஃபிளில் சுட்டுப் பழகினேன். அப்புறம் போலீசுக்கு விண்ணப்பம். நம்மைப் பற்றிச் சொல்ல இரண்டு பேர், குடும்ப மருத்துவரிடமிருந்து உடல்நிலைத் தகவல் எல்லாம் கொடுக்க வேண்டும். பல மாதம் காத்திருந்த பிறகு ஓர் அதிகாரி வீட்டுக்கு வந்தார். சுவரோடு போல்ட் போட்டிருந்த இரும்பு அலமாரியை ஆட்டிப் பார்த்தார். சாவி எங்கே இருக்கிறது என்று உங்கள் மனைவிக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியக் கூடாது என்பதுதான் சரியான பதில். கட்டிய மனைவியிடம் மறைப்பதா என்று முதலில் உறுத்தியது. யோசித்துப் பார்த்தால் அந்த விதி நியாயமானது.

உரிமம் வந்தது. 303 ரகத்தில் ஒன்று வாங்கலாம், இத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். நான் வாங்கியது லீ என்ஃபீல்டில் நம்பர் 4 மார்க் 1 ஸ்டார் என்ற மாடல், 1943இல் கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலையில் செய்தது. உடலிலும், தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டிலும் ஒரே எண். விற்றவர் என் உரிமத்தில் பதிந்து கொடுத்தார். 7 நாளுக்குள் நானும் போலீசுக்குத் தெரிவித்தேன்.

பிஸ்லி என்ற துப்பாக்கி சுடும் மைதானத்தில் செஞ்சுரி ரேஞ்சில் 200 கஜத்தில் முதலில் சுட்டேன். போல்ட்டை முன்னால் தள்ளும்போதுதான் ஸ்பிரிங் இறுகும். அந்தக் கனம் கைக்குப் பழகச் சிறிது நேரம் ஆனது. குறி நன்றாகவே விழுந்தது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடான கேஸ்களில் மறுபடி மருந்து நிரப்பிச் சுட்டபோதுதான் சிக்கல் தெரிந்தது. கேஸின் அடிப்பகுதிக்குச் சற்று மேலே பளபளவென்று ஒரு வளையம்.

கிளப்பில் ஒரு பெரியவர் அதைப் பார்த்ததும், நுனி வளைத்த கம்பி ஒன்றைக் கேஸுக்குள் விட்டு உரசிப் பார்க்கச் சொன்னார். உள்ளே பள்ளம் தட்டியது. பித்தளை இழுபட்டு மெலிந்துவிட்டது. இன்னும் ஓரிரு தடவை சுட்டிருந்தால் கேஸ், தோட்டா உட்காரும் அறைக்குள்ளேயே இரண்டாகப் பிய்ந்திருக்கும். 303 தோட்டா அறைக்குள் அதன் அடி விளிம்பால்தான் நிற்கும். விளிம்புக்கும் போல்ட் முகத்துக்கும் இடையே சந்து கூடினால், சுடும்போது கேஸ் பின்பக்கம் நீளும். துப்பாக்கி மெக்கானிக் அந்த இடைவெளியை அளக்கும் 0.074 அங்குல கேஜை வைத்து மூடிப் பார்த்தார். மூடவே கூடாத போல்ட், தடையில்லாமல் மூடியது.

இதற்கு வழி வைத்துத்தான் நம்பர் 4ஐச் செய்திருக்கிறார்கள். போல்ட்டின் தலையைத் திருகிக் கழற்றலாம். 0 முதல் 3 வரை எண் குத்தியிருக்கும். எண் கூடக் கூட நீளம் மயிரிழை கூடும். என்னுடையது 1. அதைக் கழற்றி 2ஐப் போட்டதும் கேஜ் நின்றுவிட்டது. போர்க்களத்தில் படையின் ஆயுத மெக்கானிக் நிமிடங்களில் முடித்திருக்கக்கூடிய வேலை! வாங்கும் நாளிலேயே கேஜ் போட்டுப் பாருங்கள். எண்கள் ஒத்துப்போகின்றன, மரம் பளபளக்கிறது என்பதை மட்டும் நம்பி நான் பணம் கொடுத்திருக்கக் கூடாது.

இந்த ரைஃபிளின் அறை, சேற்றிலும் தோட்டா சிக்காதபடி தாராளமாகக் குடைந்தது. அதனால் இப்போது மறுபடி மருந்து நிரப்பும் முன், அறைக்கேற்ப விரிந்த கேஸின் கழுத்தை மட்டும்தான் சுருக்குகிறேன், உடலைத் தொடுவதில்லை. பழைய ராணுவத் தோட்டா சுட்ட நாளில் குழலுக்குள் கொதிநீர் ஊற்றியே ஆக வேண்டும். மருந்தைப் பற்றவைக்கும் அதன் பிரைமர் விட்டுச்செல்லும் உப்பு எண்ணெயில் கரையாது. விட்டால் துரு பிடிக்கும்.

போன ஞாயிறு அதே கேஸ்களை நான்காம் தடவை சுட்டுவிட்டு, ஒவ்வொன்றிலும் கம்பியை விட்டுப் பார்த்தேன். எங்கேயும் தட்டவில்லை.