வாட்டர் சர்வீஸ் இல்லாமல் இன்ஜின் சுத்தம்

பெங்களூரில் ஜெயநகர், மல்லேஸ்வரம் போன்ற மரம் அடர்ந்த பகுதிகளில் தெருவோரம் காரை நிறுத்துகிறவர்களுக்கு, பானட்டின் மேல்புறத்தைவிட உட்புறமே அதிக வேலை வைக்கும். தூங்குமூஞ்சி மரத்தின் சிற்றிலைகள் வைப்பருக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் சல்லடை வழியாக இறங்கி, மழைநீர் வெளியேறும் துளைகளை அடைத்துக்கொள்கின்றன. தேங்கிய நீர், சில கார்களில் ஏசிக்குக் காற்று போகும் வழியாக உள்ளே கசிந்து, முன்னிருக்கையின் கால்மிதியை ஊறவைத்துவிடும். ஆகவே நான் இன்ஜினைத் தொடுவதற்கு முன்பே அந்தச் சருகுகளைக் கையால் அள்ளிவிடுகிறேன். எலி கூடு கட்டியிருந்தால் அதுவும் அப்போதே கண்ணில் படும். புழுக்கைகளோ கடித்த ஒயர்களோ தெரிந்தால் சுத்தம் செய்வதை நிறுத்திவிட்டு மெக்கானிக்கை அழைப்பதே நல்லது.

2024 மார்ச்சில் தண்ணீர்த் தட்டுப்பாடு கடுமையானபோது, குடிநீரில் வாகனம் கழுவுவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என்று நகரின் குடிநீர் வாரியம் அறிவித்தது. தண்ணீர் தாராளமாகக் கிடைத்தாலும் இன்ஜின் மீது பிரஷர் பம்பால் பீய்ச்சுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஸ்பார்க் பிளக் குழிக்குள்ளோ ஒயர் இணைப்புகளுக்குள்ளோ நீர் புகுந்தால் இன்ஜின் சீராக ஓடாமல் விட்டுவிட்டு மிஸ்ஸிங் அடிக்கும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளும் அந்த வேகத்தில் மடங்கிவிடும்.

இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு, பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்ற வேண்டும்; பாசிட்டிவை முதலில் கழற்றினால், ஸ்பேனர் தவறிக் காரின் உடலில் பட்ட மாத்திரத்தில் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். முனைகளில் வெண்பச்சையாகப் பூத்திருக்கும் உப்பை, ஆப்ப சோடா கரைத்த நீரில் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் நுரைத்துக்கொண்டு உதிரும். ஈரத்தைத் துடைத்துவிட வேண்டும்; எல்லா வேலையும் முடிந்து முனைகளை மீண்டும் இணைத்தபின் மேலே வாசலின் பூசலாம்.

பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர், ஃபியூஸ் பெட்டி, காற்று இழுக்கும் குழாய் ஆகியவற்றைப் பாலித்தீன் பையால் மூடிவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடங்களில் மட்டும் பிசுக்கைக் கரைக்கும் டீகிரீசரைத் தெளித்து, சில நிமிடம் ஊறவிட்டு, பிரஷ்ஷால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே என் வழக்கம். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றித் துடைப்பதைப் பல இடங்களில் இன்றும் பார்க்கிறேன். தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறமிருக்க, அவை ரப்பர் குழாய்களை உப்பச் செய்துவிடும். பளபளப்புக்காகத் தெளிக்கும் சிலிக்கோன் ஸ்பிரேயும் எனக்குத் தேவையற்றதாகவே படுகிறது. அது பெல்ட்டின் மீது பட்டால் பெல்ட் வழுக்கும்.

பளபளப்பைவிட, கசிவு எங்கே இருக்கிறது என்று தெரிவதுதான் எனக்கு முக்கியம். புழுதியும் எண்ணெயும் கலந்த பழைய பிசுக்கில் புதிய கசிவு தெரியாது. துடைத்த இன்ஜினிலோ, வால்வு கவர் கேஸ்கெட்டின் (இன்ஜினின் மேல்மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் பட்டை) ஓரத்தில் கசியும் எண்ணெய் சில நாட்களிலேயே கோடாகத் தெரிந்துவிடும்.

எல்லாம் உலர்ந்த பிறகு பைகளை எடுத்துவிட்டு, பேட்டரியை இணைக்கையில் நெகட்டிவைக் கடைசியாக மாட்ட வேண்டும். டாஷ்போர்டு கடிகாரத்தை மறுபடி திருத்த வேண்டியிருக்கும். சில கார்களில், ஒரே அழுத்தில் முழுதும் ஏறி இறங்கும் ஜன்னல்களையும் மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும்.