சரணத்தில் ஒரு தட்டு

'மண்ணில் இந்தக் காதல்' கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு மூச்சு முட்டுகிறது. இத்தனைக்கும் பாடுவது நானில்லை. நான் கீபோர்டு.

எங்கள் குழுவில் அதை அண்ணன்தான் பாடுவார். மூச்சு விடாமல் பாடுவதற்குப் பேர்போன அந்தச் சரணத்தில் மூன்று இடங்களில் மைக்கைத் தள்ளிப் பிடித்து, ஒளிக்காமல் மூச்சு எடுப்பார். கொரோனாவுக்கு அப்புறம் மூன்று ஐந்தாகிவிட்டது. முன்வரிசையில் யாராவது "விட்டுட்டாருப்பா" என்று சிரிப்பார்கள்.

அந்த ரிசப்ஷனுக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போதே மாப்பிள்ளையின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார், மூச்சு விடாமல் பாடணும் என்று. யோசனை என்னுடையதுதான். அண்ணனை வீட்டுக்கு வரவழைத்து, சரணத்தைத் துண்டு துண்டாகப் பாட வைத்து லேப்டாப்பில் ஒட்டினேன். மூச்சு எடுத்த இடமெல்லாம் திரையில் சின்னப் புடைப்பாகத் தெரியும். ஒவ்வொன்றாக வெட்டி எறிந்தேன். பல்லவி அவர் பாடுவார், சரணத்தின் 'வெண்ணிலவும்' வரும்போது பேடில் நான் ஒரு தட்டு, ஒட்டிவைத்த பதிவு ஓடும். அதன்பிறகு அவர் வாயசைத்தால் போதும்.

"இது சரியா வருமா தம்பி?" என்றார்.

"ஒரிஜினலே அப்படித்தானே அண்ணே" என்றேன். பொய்யில்லை. 1990-ல் 'கேளடி கண்மணி'க்காகப் பாடியது ஒரே மூச்சில் இல்லை, ஒலிப்பதிவு நுட்பம் என்று எஸ்.பி.பி.யே வெளிப்படையாகச் சொன்னதுதான். அவர் செய்தால் நுட்பம், நாங்கள் செய்தால் மோசடியா? ஆனால் அவர் அதைத் தானாக வாய்திறந்து சொன்னார். நாங்கள் சொல்லவில்லை. இந்த இடத்தில்தான் என் வாதம் ஒவ்வொரு முறையும் நொண்டுகிறது.

கைதட்டல் அள்ளிக்கொண்டு போனது. ஒரு பையன் மேடையேறி வந்து செல்போனில் ஸ்டாப்வாட்சைக் காட்டினான். "அங்கிள், டைம் எடுத்தேன்! எப்படிப் பழகினீங்க?" அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஏற்கெனவே மாற்றிவைத்திருந்த டோனை மறுபடி மாற்றிக்கொண்டிருந்தேன். "தினம் காலைல நடப்பேன் தம்பி" என்று அவனிடம் சொன்னார்.

திரும்பும்போது வேனில், "குரல் என்னுதுதான். மூச்சு என்னுதில்லையே" என்றார்.

"சம்பளம் உங்களுதுதானே அண்ணே" என்றேன்.

வேனே சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அதனால் தப்பில்லை என்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். வேறென்ன சொல்லியிருக்கலாம் என்று இன்றுவரை தேடுகிறேன், கிடைக்கவில்லை. அன்று அவருக்கு அந்தப் பணம் தேவைப்பட்டதும் உண்மை. எனக்கும்தான்.

அதற்குப் பிறகு தொண்டை சரியில்லை என்று அந்தப் பாட்டை அவர் தொடுவதில்லை. மற்றதெல்லாம் பாடுகிறார். போன மாதம் புதுப்பையன் ஒருவன் அதைப் பாடினான். சரணம் வந்ததும் பழக்கதோஷத்தில் பேடைத் தட்டிவிட்டேன். பையன் சுதாரித்து வாயசைத்தான். குரல் மாறியதைக் கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. அண்ணன் ஸ்பீக்கர் ஓரமாக பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.