அதிபர் பெயர் இல்லாத வாக்குச்சீட்டு

2020 பிப்ரவரியில், அமெரிக்கக் கட்சிகள் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் 'பிரைமரி' தேர்தலுக்காகத் தபாலில் வந்த வாக்குச்சீட்டைப் பிரித்தேன். நாட்டின் நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு நிற்பவர்கள் இருந்தார்கள், மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்பவர்கள் இருந்தார்கள், பள்ளிக் கட்டடங்களுக்கு 1,500 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு வாக்காளர்களிடமே ஒப்புதல் கேட்கும் 13-ஆம் முன்மொழிவுகூட இருந்தது. அதிபர் வேட்பாளர்களை மட்டும் காணோம். மனைவியின் சீட்டிலோ இருபது பெயர்கள்! ஒரே வீடு, ஒரே முகவரி.

தப்பு என்னுடையதுதான். குடியுரிமை வாங்கிய கையோடு வாக்காளராகப் பதிந்தபோது, எந்தக் கட்சி என்ற கேள்விக்கு 'கட்சி விருப்பம் இல்லை' என்று குறித்திருந்தேன். எதிலும் பெயர் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று ஊரிலிருந்தே கொண்டுவந்த ஜாக்கிரதை. கலிபோர்னியாவில் அப்படிப்பட்டவர்களும் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் வாக்களிக்கலாம், ஆனால் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பதற்கென்றே ஓர் அஞ்சலட்டை வந்திருந்தது. பீட்சா கூப்பன்களோடு சேர்த்து அதையும் குப்பையில் போட்டிருக்கிறேன். குடியரசுக் கட்சி இன்னும் கறார், உறுப்பினராகப் பதிந்தவர்களுக்கு மட்டுமே சீட்டு.

அலுவலக நண்பர் கதை இதைவிட மோசம். சுயேச்சை என்று நினைத்துக்கொண்டு 'அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார். அது 1968-இல் இனப் பிரிவினையை ஆதரித்த ஜார்ஜ் வாலஸை அதிபர் வேட்பாளராக நிறுத்திய கட்சி. சொன்னதும் மனிதருக்கு முகமே மாறிவிட்டது.

சரி, செய்வது எளிதுதான். தபாலில் வந்த சீட்டை நிரப்பாமல் எடுத்துக்கொண்டு வாக்கு மையத்துக்குப் போனால், அதை வாங்கி ரத்து செய்துவிட்டு, ஜனநாயகக் கட்சி வேட்பாளர்கள் உள்ள சீட்டைத் தருவார்கள். கட்சியில் சேர வேண்டியதில்லை. நண்பருக்கு அது போதாது, கட்சியையே மாற்ற வேண்டும். அதையும் அங்கேயே ஒரு படிவத்தில் முடித்துக்கொள்ளலாம். எங்கள் கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) மையங்கள் பத்து நாளுக்கு முன்பே திறந்திருந்தன. நாங்கள் இருவரும் போனது கடைசி நாளான மார்ச் 3 சாயங்காலம். வரிசை கட்டடத்தைச் சுற்றி வளைந்து கார் நிறுத்துமிடம் வரை நின்றது. எட்டு மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால் எவ்வளவு நேரமானாலும் வாக்களிக்க விடவேண்டும் என்பது சட்டம், அந்தத் தைரியத்தில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற மாணவி பரீட்சைக்குப் படித்துக்கொண்டே நகர்ந்தாள்.

தாமதத்தில் ஒரு லாபமும் இருந்தது. மனைவி பிப்ரவரியிலேயே ஜனநாயகக் கட்சி வேட்பாளர்களில் ஒருவரான பீட் புட்டிஜெட்ஜுக்குப் போட்டுத் தபாலில் அனுப்பிவிட்டாள். மார்ச் 1 அன்று அவர் விலகிவிட்டார். மறுநாள் இன்னொரு வேட்பாளரான ஏமி குளோபுச்சாரும் விலக, இருவருமே போட்டியில் இருந்த ஜோ பைடனுக்கு ஆதரவு தெரிவித்தார்கள். அனுப்பிய சீட்டைத் திரும்ப வாங்க முடியாது. அன்று இரவு வீட்டில் யாரும் அரசியல் பேசவில்லை. தமிழ்நாட்டில் விருப்ப மனுவுக்குப் பணம் கட்டி, தலைமை யாருக்கு சீட்டு தருமோ என்று வேட்பாளர்கள்தான் காத்திருப்பார்கள். இங்கே காத்திருக்கத் தெரிய வேண்டியது வாக்காளருக்கு.

நான் எலிசபெத் வாரனுக்குப் போட்டேன். அவர் மார்ச் 5 அன்று விலகினார். அப்புறம்தான் என் ஓட்டு என்ன ஆயிற்று என்று கணக்குப் பார்க்க உட்கார்ந்தேன்.

வாக்காளர் வேட்பாளரை நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. கட்சியின் அதிபர் வேட்பாளரை முடிவு செய்யும் தேசிய மாநாட்டுக்கு அவருக்காகப் போகும் பிரதிநிதிகளின் எண்ணிக்கையைத்தான் தீர்மானிக்கிறார். ஜனநாயகக் கட்சிக்கு அந்த ஆண்டு கலிபோர்னியாவிலிருந்து இப்படி 415 பேர். அதில் 271 இடங்கள் 53 காங்கிரஸ் தொகுதிகளுக்குப் பிரித்துத் தரப்பட்டவை, மீதி 144 மாநிலம் முழுக்க விழுந்த ஓட்டை வைத்து. இரண்டு இடத்திலும் 15 சதவீதம் வாங்கியவர்களுக்கு மட்டுமே பங்கு. ஐந்து இடமுள்ள ஒரு தொகுதியில் மூவர் 38, 30, 17 சதவீதம் வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். சில்லறையாகச் சிதறிய 15 சதவீதத்தைத் தள்ளிவிட்டு, 85-ஐ முழுசாக வைத்துப் பிரிப்பார்கள். 2, 2, 1 என்று வரும். 38-க்கும் 30-க்கும் ஒரே பங்கு என்பது எனக்கு இன்றும் ஜீரணமாகவில்லை.

மாநிலம் முழுக்க பெர்னி சாண்டர்ஸ் 36, பைடன் 27.9, வாரன் 13.2, மைக்கேல் புளூம்பெர்க் 12.1 சதவீதம். பதினைந்தைத் தாண்டியது முதல் இருவர்தான், அதனால் 144-ஐ அவர்களே 81, 63 என்று பங்கிட்டுக்கொண்டார்கள். வாரனுக்கு அங்கே பூஜ்யம். ஆனால் சில தொகுதிகளில் அவர் கோட்டைத் தாண்டியிருந்ததால் 11 கிடைத்தது, புளூம்பெர்குக்கு 7. கடைசிக் கணக்கில் சாண்டர்ஸ் 225, பைடன் 172. குடியரசுக் கட்சியில் இந்தத் தலைவலி இல்லை, அந்தக் கட்சியின் 172 பிரதிநிதிகளும் மொத்தமாக டிரம்புக்கே போனார்கள்.

எங்கள் தொகுதியில் வாரன் 15-ஐத் தொடவில்லை. வரிசையில் கால் கடுக்க நின்று போட்டதும், மனைவி சோபாவில் உட்கார்ந்து போட்டதும் ஒரே கணக்கில்தான் சேர்ந்தன. அவள் அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள். 2024 பிரைமரிக்கு முன் அந்த அஞ்சலட்டை மறுபடி வந்தபோது, குப்பைத்தொட்டிப் பக்கம் போகவிடாமல் அவளே வாங்கி, என் கையெழுத்துக்கு மட்டும் நீட்டினாள்.