மீனாவுக்குச் சோறு போடலாமா?

எங்கள் பூனை மீனாவுக்குக் குடலில் புற்றுநோய். ரங்கூனில் பார்க்கிறவர்கள் எல்லாம், "சோத்தை நிறுத்துங்க, சர்க்கரைதான் கட்டிக்குத் தீனி" என்கிறார்கள். புற்றுநோய் செல்கள் குளுக்கோஸை அள்ளி விழுங்குவதை ஜெர்மன் விஞ்ஞானி ஓட்டோ வார்பர்க் 1920களிலேயே கண்டறிந்தது உண்மை. ஆனால் மாவுச்சத்தை நிறுத்தினால் பூனைக்குக் கட்டி சுருங்கும் என்பதற்கு நிரூபணம் இல்லை. சோற்றை நிறுத்தினாலும் பூனையின் ஈரல், புரதத்திலிருந்தே சர்க்கரை செய்துகொள்ளும்!

பூனை ஊனுண்ணி. மீன் பிசைந்த சோற்றில் மீன் கூடட்டும், சோறு குறையட்டும், நல்லதுதான். நான் பயப்படுவது பட்டினிக்கு. சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். அதனால் மீனை வெதுவெதுப்பாக்கி, மணம் எழும்பக் கொடுக்கிறேன். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பு வேண்டவே வேண்டாம், அது பூனைக்கு நஞ்சு. கொஞ்சம் சோறு கலந்தால்தான் வாய் வைக்கிறாள் என்றால் கலந்தே கொடுப்பேன்.